இருட்டில் வழி தவறிய தளபதி

வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். மேஜைமேல் ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து, பகடை உருட்டிப் போர் விளையாடுவோரிடம் அவருடைய பொம்மைக்குத் தனி மதிப்பு. அந்த வெற்றி வீரர் கசப்பான பாடம் ஒன்றைப் படித்தது நம் தென்னாட்டில்தான்!

இயற்பெயர் ஆர்தர் வெல்லஸ்லி. 1769-ல் அயர்லாந்தில் பிறந்தார். 12 வயதில் தகப்பனாரை இழந்தார். பையனுக்குப் பிடில் வாசிப்பதில் ஆசை, படிப்பில் மந்தம். வீட்டார் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள். 1793-ல் பிடிலைக் கொளுத்திவிட்டு முழு மனதோடு தொழிலில் இறங்கினார்.

1798-ல் சென்னை வந்தார். கும்பினியார் புள்ளலூரை மறக்காத காலம் அது. இன்று மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த ஊர் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ந் தேதி ஹைதர் அலியும் திப்புவும் அங்கே கர்னல் பெய்லியின் படையை வளைத்து நொறுக்கினார்கள். காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

1799 ஏப்ரல் 5-ந் தேதி இரவு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பைப் பிடிக்கும்படி வெல்லஸ்லிக்கு உத்தரவு. பகலில் போய் இடத்தைப் பார்த்து வைக்கவில்லை. கும்மிருட்டு, மூங்கில் புதர்கள். திப்புவின் வாணங்கள் சீறி வந்தன. படை சிதறியது. தளபதியே வழி தவறித் தட்டுத்தடுமாறிக் கூடாரம் திரும்பினார். 12 சிப்பாய்கள் பிடிபட்டார்கள், பிறகு கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை, வெளிச்சத்தில், அதே தோப்பு சுலபமாகக் கைக்கு வந்தது. ஆனால் போன 12 உயிர் போனதுதானே? பார்த்தறியாத இடத்தை இனி இரவில் தாக்குவதில்லை என்று வெல்லஸ்லி உறுதி செய்துகொண்டார்.

1803-ல் அஸ்ஸாயியில் மராட்டியப் படை எதிரே நின்றது. குறுக்கே ஆறு. இறங்கிக் கடக்கத் துறையே இல்லை என்றார்கள் வழிகாட்டிகள். இரு கரைகளிலும் எதிரும் புதிருமாக இரண்டு கிராமங்கள் இருப்பதை அவர் கவனித்தார். துறை இல்லாமலா இப்படி ஊர் அமையும்? போய்ப் பார்த்தால் துறை இருந்தது! அந்தப் போரில் வென்றார்.

1815 ஜூன் 18, வாட்டர்லூ. நேச நாடான பிரஷ்யாவின் பிரதிநிதியாக முஃப்லிங் என்ற தளபதி அவருடைய முகாமில் இருந்தார். ரைஸ்விட்ஸ் என்ற இளம் பிரஷ்ய அதிகாரி 1824-ல் ஒரு போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்துக் காட்டியபோது, அதைப் படை முழுவதுக்கும் சிபாரிசு செய்தவர் இதே முஃப்லிங்தான்.

சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். ரைஸ்விட்ஸ் ஆட்டத்தில் தெரியாது. நடுவே ஒரு மத்தியஸ்தர் இருப்பார். இரு கட்சியாரும் தங்கள் உத்தரவை அவரிடம் கொடுக்க வேண்டும். எதிரியின் பார்வைக்கு எட்டக்கூடிய காய்களை மட்டுமே அவர் தேசப்படத்தின்மீது வைப்பார். துப்பாக்கிச் சூட்டின் சேதத்தைப் பகடை சொல்லும்.

வெலிங்டன் பிரபு இங்கிலாந்தின் பிரதம மந்திரியாகவும் இருந்து, 1852 செப்டம்பர் 14-ந் தேதி காலமானார். அந்த ஸ்ரீரங்கப்பட்டணத்து இரவை ரைஸ்விட்ஸ் முறைப்படி ஆடினால், வெல்லஸ்லி கட்சிக்காரர் கண்ணுக்குத் தோப்பு மட்டுமே தெரியும். உள்ளே பதுங்கியிருப்போர் மத்தியஸ்தரின் குறிப்புத் தாளில் இருப்பார்கள்.