கூலிக்கு நாடாண்ட கான் சாகிப்

1751 டிசம்பரில் நம்ம ஆரணியில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஆர்க்காட்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்த கையோடு வந்த ராபர்ட் கிளைவ், சந்தா சாகிப்பின் மகன் ரஜா சாகிப்பையும் அவருக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரர்களையும் இங்கே தோற்கடித்தார். தோற்ற தரப்புச் சிப்பாய்கள் பலர் துப்பாக்கியோடு கிளைவிடமே வேலைக்குச் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு அது சகஜம். இப்போது நம்ம பசங்க கம்பெனி மாறுவதில்லையா, அது மாதிரி.

அந்தச் சண்டைக்குப் பின் கிளைவிடம் வந்து சேர்ந்தவர்தான் யூசுப் கான். மருதநாயகம் என்றால் சட்டெனப் புரியும். 1997-ல் எலிசபெத் அரசி வந்திருந்த விழாவில் தொடங்கி, பாதியில் நின்றுபோன கமல் படத்தின் நாயகர்.

இராமநாதபுரம் சீமை பனையூரில் வேளாளர் வீட்டில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது வழக்கு. பரம்பரைப் பதவியோ, சொல்லிக்கொள்ள ஒரு வம்சமோ கிடையாது. ஆனால் உழைப்பு! திருச்சி முற்றுகையில் எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி ஆங்கிலேயப் படைக்கு உணவு வண்டிகளைக் கொண்டு சேர்த்தவர் அவர். அதிர்ஷ்டமும் இருந்தது. மேலதிகாரியாக வாய்த்த மேஜர் லாரன்ஸுக்கு ஆளை எடைபோடத் தெரியும். படிப்படியாக உயர்ந்து, சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார். 1758-59-ல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையைத் தூங்கவிடாமல் அடித்தார்.

1759-ல் மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு அவர் கைக்கு வந்தன. ஏரி, கோட்டைகளைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோன மானியத்தைத் திரும்பக் கொடுத்தார். அதே கையால்தான் பூலித்தேவரையும் ஒடுக்கினார். அதை மறைத்துப் புகழ எனக்கு மனசில்லை.

தறி வீட்டில் பிறந்த நண்பர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது. தறியும் முதுகுவலியும் நம்முடையது. எவ்வளவு நேர்த்தியாக நெய்தாலும் கூலி கூடுமே தவிர, சேலை நமதாகாது. கான் சாகிப் மதுரையை நேர்த்தியாக நெய்துகொண்டிருந்தார். நாடு தனக்கே சொந்தம், இந்த ஆள் தன் வேலைக்காரன் என்று ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி பிடிவாதம் பிடித்தார். குத்தகையை 7 லட்சமாக உயர்த்தித் தருவதாகக் கான் சாகிப் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் யாருக்காக உயிரைப் பணயம் வைத்தாரோ, அந்தக் கம்பெனியும் நவாப் பக்கமே சாய்ந்தது. ஆதாயக் கணக்கு மட்டும்தான் காரணமா? கீழிருந்து வந்தவன் சரிசமமாக உட்கார்ந்துவிடுவானோ என்ற உறுத்தலும் அதில் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

பிறகு அவர் பணியவில்லை. 1763-ல் வந்த முதல் முற்றுகை மழையில் கலைந்தது. அடுத்த வருடம் சோறு தண்ணீரை அடைத்துவிட்டார்கள். கடைசியில் கோட்டை விழவில்லை, ஆள்தான் விலைபோனார்கள். திவான் சீனிவாசராவும் பிரெஞ்சு அதிகாரி மார்ஷாவும் சேர்ந்து, 1764 அக்டோபர் 13 அன்று தொழுகையில் இருந்தவரைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். 15-ஆம் தேதி தூக்கு. உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பியதாகச் சொல்வார்கள். செத்த பிறகும் அத்தனை பயம்!

மதுரைப் பக்கம் வேலை கிடைத்துப் போகிற தம்பி தங்கைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்மட்டிபுரம் போய் வாருங்கள். பள்ளிவாசலை ஒட்டி அவர் அடக்கம் இருக்கிறது. கான் சாகிப் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.