நாலு வருஷத் தவணை



மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்திலிருந்து கடிதம் வந்தபோது, ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிட ருசியாக எழுத நம்ம செட்டில் ஆள் உண்டு. என் கதை வேறு. நான் இப்போது மறுபடியும் நம் கல்லூரி மாணவன். 34 வயதில் பகுதி நேர எம்.இ. சேர்ந்தேன். முதல் நாள் லேபுக்குள் நுழைந்ததும் பையன்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள், வாத்தியார் என்று நினைத்து!

சிரிப்பெல்லாம் ஒரு செமஸ்டர்தான். ஷிப்ட் வேலை, வீட்டுக் கடன், பிள்ளைக்குக் காய்ச்சல். கணக்குப் பேப்பரில் அரியர் விழுந்தது. படிப்பை நிறுத்துவதாகக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் வர நேரமாகும் என்றார்கள். நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். கைக்குக் கிடைத்தது டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறு.

அரசியல் சட்டம் எழுதிய அம்பேத்கரை நமக்கெல்லாம் தெரியும். பாதியில் படிப்பை விட்டு, குடும்பஸ்தராகத் திரும்பிப்போய்ப் படித்த அம்பேத்கரை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

1891-ல் மாவ் என்ற ராணுவ ஊரில் பிறந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912-ல் பி.ஏ. முடித்தார். அதற்குள் கல்யாணமாகிவிட்டது. 1913-ல் அப்பா காலமானார். அதே வருஷம் பரோடா மகாராஜாவின் உதவித்தொகையில் அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916-ல் லண்டன் போனார். ஒரு பக்கம் லண்டன் பொருளாதாரப் பள்ளி, இன்னொரு பக்கம் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பு. 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. இரண்டு படிப்பும் பாதியில் நின்றன. புறப்படும் முன் ஒரு காரியம் செய்தார் பாருங்கள். நாலு வருஷத்துக்குள் திரும்பி வந்து தொடர்வதற்குப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பும்போது தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள், உலகப்போரில் அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதால் கடலோடு போயின. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தாழ்த்தப்பட்டவர் என்று யாரும் வீடு தரவில்லை. தங்கியிருந்த பார்ஸி விடுதியிலிருந்தும் துரத்தப்பட்டார். வேலையை விட்டுப் பம்பாய்க்கு வந்தார். டியூஷன் எடுத்தார். முதலீட்டு ஆலோசனை சொல்லும் சிறு தொழில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் அதற்கு வந்தவர்கள் நின்றுபோனார்கள்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 450 ரூபாய். அங்கேயும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்க் குடத்தில் அவர் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று சக ஆசிரியர்கள் சிலர் எதிர்ப்பு சொன்னார்கள். அவர் வேலையை விடவில்லை. தவணை ஓடிக்கொண்டிருக்கிறதே! சம்பளத்தில் வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததுபோக மிச்சத்தை லண்டனுக்கென்று சேர்த்தார். அதோடு பொதுவேலையும் உண்டு. 1919-ல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 1920 ஜனவரியில் மூக்நாயக் பத்திரிகையைத் தொடங்கினார். நேரம் கிடைக்கட்டும், படிக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் அவருக்கு வந்தே இருக்காது.

1920 ஜூலையில் கப்பல் ஏறினார். வயது 29. கையில் சேமிப்பு, கோலாப்பூர் ஷாஹு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனா கொடுத்த 5000 ரூபாய் கடன். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகமே கதி. காலையில் போனால் சாத்தும்வரை அங்கேதான். சாப்பாட்டுக் காசிலும் மிச்சம் பிடித்தார். 1921-ல் எம்.எஸ்ஸி., 1922-ல் பாரிஸ்டர். டி.எஸ்ஸி. பட்டத்துக்கு ரூபாய் நாணயத்தின் சிக்கல் பற்றி ஆய்வேடு கொடுத்தார். தேர்வாளர்கள் அதை ஏற்காமல், திருத்தி எழுதும்படி திருப்பிவிட்டார்கள். பணமும் தீர்ந்துபோனதால் 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். வக்கீல் தொழில் தொடங்கும் அலைச்சலுக்கு நடுவில், வீட்டில் உட்கார்ந்து திருத்தி லண்டனுக்கு அனுப்பினார். அந்த வருஷமே பட்டம் வந்தது. ஆய்வேடு புத்தகமாகவும் வெளிவந்தது. அவருடைய முடிவுகள் பலவற்றை ஒப்புக்கொள்ளாத பேராசிரியர் எட்வின் கேனனே அதற்கு முன்னுரை எழுதினார்.

இதோடு முடித்தால் பாதிக் கதைதான். அவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது பம்பாய் பரேலில், தொழிலாளர்கள் வாழும் சால் குடியிருப்பில், ராமாபாய் அம்மையார் பிள்ளையோடு குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு சின்ன வயதிலேயே இறந்துபோயின. 1935-ல் ராமாபாயும் காலமானார். சில ஆண்டுகள் கழித்துத் தாம் எழுதிய ஒரு புத்தகத்தை அம்பேத்கர் ராமுவின் நினைவுக்கென்று சமர்ப்பித்தார். பட்டத்துக்குப் பின்னால் வரும் எழுத்துகள் ஒருவர் பெயரோடுதான் ஒட்டும். விலையை இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள்.

லண்டனில் அவர் தங்கியிருந்த கிங் ஹென்றி சாலை வீட்டை மகாராஷ்டிர அரசு 2015-ல் வாங்கி நினைவிடமாக்கியது. ஒருநாள் போய்ப் பார்க்க ஆசை.

அன்றைக்குத் துறைத் தலைவர் வந்தார். நான் கடிதத்தைக் கொடுக்கவில்லை. அவரோடு என்னை ஒப்பிடவில்லை. எனக்கு யாரும் வீடு மறுத்ததில்லை, தண்ணீர் மறுத்ததில்லை. அதனால்தான் வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். படிப்பை முடிக்க எனக்கு எத்தனை வருஷம் தவணை உண்டு? அவர் விதியைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி மாட்டினேன். பிறகு, முதல் தடவையாக, என் மனைவியிடம் உட்கார்ந்து பேசினேன். எந்த ராத்திரி நான் படிப்பது, எந்த ராத்திரி பிள்ளையை நான் பார்த்துக்கொள்வது, அவள் விட்டுவைத்திருக்கும் பி.எட். எப்போது என்று கணக்குப் போட்டோம்.

அரியர் பாஸ் ஆகிவிட்டது. புராஜெக்ட் ரிப்போர்ட் திருத்தத்துக்குத் திரும்பி வந்து மேஜைமேல் கிடக்கிறது. பரவாயில்லை, திருத்தலாம்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, சூழ்நிலையால் இடையில் நிறுத்த நேர்ந்தால் நிறுத்துங்கள், தப்பில்லை. போகும்போது திரும்பி வரத் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பழைய நண்பர்களே, சந்திப்பு நாளன்று என்னைத் தேடினால் முன்னாள் மாணவர் வரிசையில் பார்க்காதீர்கள். லேபில் இருப்பேன்.