பக்பாஸ்ட் மடத்து ஆதாம் சகோதரர்



பெரிய சனிக்கிழமை இரவில், கோயில் விளக்குகளெல்லாம் அணைந்திருக்க, பாஸ்குத் திரி மாத்திரம் எரிந்துகொண்டு உள்ளே வருவதை நீங்கள் வருஷந்தோறும் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் திரியின்முன் பாடப்படும் பழைய இலத்தீன் கீதத்தில், அதற்கு மெழுகு தந்த தேனீயையும் திருச்சபை நினைவுகூருகிறது. வேறெந்தப் பூச்சிக்கும் அந்த இரவில் அப்படியொரு பாக்கியம் இல்லை. அந்தத் தேனீக்களைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போன காலத்தில், அவற்றின் அருகில் நின்ற ஒரு சன்னியாசியின் சரித்திரத்தை இவ்வாரம் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் கார்ல் கேர்லே. 1898-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி, ஜெர்மனி தேசத்தின் தென்பகுதியிலுள்ள மிட்டெல்பிபெராக் என்னும் சிற்றூரில் பிறந்தார். திடகாத்திரம் இல்லாத பிள்ளை. 1910-ம் வருஷம், 11 வயதிலேயே, தாயார் அவரை இங்கிலாந்துக்கு, டெவன் சீமையிலுள்ள பக்பாஸ்ட் மடத்துக்கு அனுப்பிவைத்தார். பாஷை தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பிய அந்தத் தாயின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களில் தாய்மாராயிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மடத்துக்கும் ஒரு கதை உண்டு. எட்டாம் ஹென்றி அரசன் 1539-ம் வருஷம் அதை மூடிவிட்டான். 340 வருஷங்களுக்கு மேல் பாழாய்க் கிடந்தபின், 1882-ம் வருஷம் பிரான்சிலிருந்து துரத்தப்பட்டுவந்த அர்ச். ஆசீர்வாதப்பர் சபைச் சன்னியாசிகள் அங்கே குடியேறினார்கள். இடிந்துபோன தேவாலயத்தைத் தங்கள் கையாலேயே திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு சமயத்தில் ஆறு பேருக்குமேல் அந்த வேலையில் நின்றதில்லை. சிறுவன் கார்லும், சபையில் ஆதாம் என்ற பெயர் பெற்றபின், கல்வேலைக்குத்தான் விடப்பட்டான். கல் அவனுக்குப் பாரமாயிருந்தது. ஆகையால் 1915-ம் வருஷம் தேன்பெட்டிகளைப் பார்த்துவந்த கொலும்பான் சகோதரருக்குக் கையாளாக அனுப்பினார்கள். இலேசான வேலை என்று எண்ணித்தான் அனுப்பினார்கள் போலும்!

அவர் போய்ச் சேர்ந்த காலமோ கொள்ளைநோய்க் காலம். 1904-ம் வருஷம் இங்கிலாந்துக்குத் தெற்கேயுள்ள வைட் தீவில் முதன்முதல் அந்த நோய் கண்டது. நல்ல வெயிலில் தேனீக்கள் பெட்டியை விட்டு வெளியே வரும், பறக்கமாட்டாது. இறகுகள் இடம் பிசகினாற்போல் கோணலாய் நிற்கும். புல்லின்மேல் ஊர்ந்து, ஒன்றோடொன்று கும்பலாய்க் கூடி, அங்கேயே மடியும். மாலையில் பெட்டியின் முன்னால் செத்த தேனீக்கள் குவிந்து கிடக்கும். சில வருஷங்களில் நோய் கடலைத் தாண்டிப் பிரிட்டன் முழுவதும் பரவிற்று. காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத நோய்க்கு மருந்து விற்பவர்கள் எக்காலத்திலும் உண்டல்லவா? அப்போதும் இருந்தார்கள், புட்டி புட்டியாக விற்றார்கள். அந்நாட்டின் பூர்வீகக் கறுப்புத் தேனீ அடியோடு அழிந்துவிட்டது என்றே ஜனங்கள் நம்பினார்கள். முழுவதும் அழியவில்லை, சிற்சில இடங்களில் அதன் வம்சம் தப்பியிருக்கிறது என்பது நெடுங்காலத்துக்குப்பின் தெரியவந்தது.

பக்பாஸ்ட் மடத்தில் அப்போது 46 கூட்டங்கள் இருந்தன. 1916-ம் வருஷத்துக்குள் அவற்றில் 30 செத்தொழிந்தன, 16 மிஞ்சின. ஐரோப்பாவில் மகா யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. மனிதர் ஆயிரமாயிரமாய் மடிகையில் தேனீயைப் பற்றி யார் அழுவார்? ஆனால் ஒரு குடியானவனுக்கு ஒரு பெட்டி போவதென்றால் வருஷத்துத் தேனும் போயிற்று, மெழுகும் போயிற்று.

இங்கேதான் வாசகரே, நீங்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். செத்த 30 கூட்டங்களைப் பார்த்துப் புலம்பினவர்கள் தேசமெங்கும் இருந்தார்கள். 18 வயதுகூட நிரம்பாத அந்த நவசன்னியாசியோ மிஞ்சிய பதினாறைப் பார்த்தார். ஒரே தோட்டம், ஒரே பூ, ஒரே மழை. பக்கத்துப் பெட்டி காலியாகிவிட்டது, இது மாத்திரம் ஏன் இரைந்துகொண்டிருக்கிறது? தப்பியவை எல்லாம் இத்தாலி தேசத்து ராணிகளின் வம்சம் என்பது தெரிந்தது. சில சுத்த இத்தாலிய இனம். சில, இத்தாலிய ராணியும் ஊர்க்கறுப்பு ஆண் தேனீயும் கலந்த இனம். அப்படியானால் நோயைத் தாங்கும் சக்தி பிறவியிலேயே வருகிறது. பிறவியிலே வருவதானால் அதைத் தெரிந்தெடுத்து வளர்க்கவும் கூடும். மருந்துப் புட்டிகளை நம்பாமல் இந்த ஒரு எண்ணத்தை அவர் பிடித்துக்கொண்டார். அப்படிக் கலந்த ஒரு கூட்டத்திலிருந்து 1917-ம் வருஷம் புதிய இனம் ஒன்று தலையெடுத்தது. நோயையும் தாங்கிற்று, தேனையும் நிறையச் சேர்த்தது. பக்பாஸ்ட் தேனீ என்று உலகம் அழைப்பது அதன் சந்ததியைத்தான். கொலும்பான் சகோதரர் ஓய்வு பெற, 1919-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி பெட்டிகளின் பொறுப்பு முழுவதும் ஆதாம் சகோதரர் கைக்கு வந்தது.

நோயின் காரணத்தை ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து விஞ்ஞானிகள் கண்டு 1921-ம் வருஷம் பிரசுரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணி, தேனீயின் மூச்சுக்குழலுக்குள் புகுந்து, அங்கேயே குஞ்சு பொரித்து, அதன் இரத்தம் போன்ற நீரை உறிஞ்சுகிறது என்றார்கள். உண்ணி இருப்பது மெய். ஆனால் அத்தனை சாவுக்கும் அது ஒன்றே காரணமா என்பதை 1960-க்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர் சந்தேகித்தார்கள். தேனீக்களை முடக்கும் வைரஸ் ஒன்றும், கெட்ட பருவங்களும் சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எப்படியானாலும் தப்பிய கூட்டங்கள் தப்பினவைதாம். ஆதாம் சகோதரர் அந்த அஸ்திவாரத்தின்மேலே கட்டினார்.

கட்டுவது எளிதாயிருக்கவில்லை. மாட்டையும் ஆட்டையும் நாம் விரும்பிய ஜோடியோடு சேர்க்கலாம். ராணித் தேனீயோ ஆகாயத்தில் பறந்துபோய், எங்கிருந்தோ வரும் பல ஆண் தேனீக்களோடு சேர்ந்து திரும்பும். அதைத் தடுக்க எந்த வேலியாலும் ஆகாது. ஆகையால் 1925-ம் வருஷம் அவர் டார்ட்மூர் என்னும் குளிர்ந்த மேட்டுநிலத்துக்குப் போனார். காற்றும் மூடுபனியும் மழையும் மாறாத இடம். வேறு தேனீ வாசம் செய்யாத இடம். தாம் தெரிந்தெடுத்த ஆண் தேனீக்களை மாத்திரம் அங்கே கொண்டுபோய் வைத்து, இளம் ராணிகளைச் சிறு பெட்டிகளில் அங்கே விட்டார். இந்த வேலைக்கு அவருக்கு வழிகாட்டியாயிருந்தவர்களும் நம்மவர்களே: பட்டாணிச் செடியில் பரம்பரை விதிகளைக் கண்ட அகுஸ்தீன் சபை மெண்டல் சுவாமியார், அவ்விதிகளைத் தேனீக்களுக்குப் பொருத்தி எழுதிய ஜெர்மானியக் குருவாகிய ஆர்ம்புருஸ்டர் சுவாமியார்.

1950-ம் வருஷம், 50 வயது கடந்தபின், மடத்தின் உத்தரவோடு தேசதேசமாய்ப் புறப்பட்டார். இத்தாலி, அல்ஜீரியா, சீரியா, சைப்பிரஸ், கிரீஸ், துருக்கி, ஸ்பெயின், எகிப்து என்று எங்கெங்கே பழைய தேனீ இனம் கலப்பில்லாமல் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் ராணிகளைக் கொண்டுவந்தார். ஓர் இனத்தின் நற்குணம் மற்றோர் இனத்தில் நிலைத்து நிற்க எத்தனையோ வருஷம் பிடிக்கும். அவருடைய முறையை ஒப்பாதவர்களும் உண்டு. அயல்நாட்டு இனங்களைக் கொண்டுவருவதால் உள்ளூர்த் தேனீயின் வம்சம் கலங்கிப்போகிறது என்றும், அடுத்தடுத்த தலைமுறைகளில் கொட்டும் குணம் மிகுகிறது என்றும் சொன்னார்கள். அதை வெறும் பொறாமைப் பேச்சென்று நான் தள்ளிவிட மாட்டேன்.

1987-ம் வருஷம், 89 வயதில், ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைச்சாரலிலுள்ள கறுப்புத் தேனீயைத் தேடிப்போனார். நடக்க ஏலாத இடத்தில் மற்றவர்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள். ஏனென்றால் ஆசியாவிலிருந்து புறப்பட்ட வர்ரோவா என்னும் வேறோர் உண்ணி அதற்குள் ஐரோப்பாவெங்கும் கூட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. அதையும் தாங்கும் தேனீயை வளர்த்தெடுக்கலாம் என்பதே அவருடைய கடைசி ஆசை.

அந்த ஆசை நிறைவேறவில்லை. அவருடைய ஆராய்ச்சியை அவர் விரும்பியபடி நடத்த மடத்தில் இடம் கிடைக்கவில்லை. மேலிடத்தின் எண்ணம் ஒன்று, அவர் எண்ணம் வேறு. 70 வருஷங்களுக்குமேல் பார்த்த வேலை. 1992-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி, மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படும் அந்தத் திருநாளில், 93 வயதுச் சகோதரர் பொறுப்பை விட்டு விலகினார். அவர் சபையை விட்டுப் போகவில்லை. சில மாதம் பிறந்த ஊரில் தங்கியிருந்துவிட்டு, மடத்துக்கே திரும்பினார். அவர் விலகி மூன்று மாதம் ஆகுமுன், அதே வருஷம் ஏப்ரலில், இங்கிலாந்தில் முதன்முதலாக வர்ரோவா உண்ணி காணப்பட்டது. கண்ட இடம் அதே டெவன் சீமை.

கடைசிக் காலத்தில் அருகிலிருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவரை வைத்துப் பார்த்தார்கள். 98 வயது நிரம்பி, 1996-ம் வருஷம் அவர் மரித்தார். அன்றைக்கும் செப்டம்பர் 1-ந் தேதி.