கோலாப்பூர் அரசரும் பொதுப் பள்ளியும்

மராட்டிய நாட்டின் தென்பகுதியில், பஞ்சகங்கை ஆற்றங்கரையில் அமைந்த நகரம் கோலாப்பூர். அங்கு 1894 முதல் 1922 வரை ஆட்சி புரிந்தவர் ஷாகு மகாராஜா. போர்க்களங்களில் வாகை சூடிய மன்னர் பலரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இவர் வாழ்நாள் முழுதும் போராடிய களம் பள்ளிக்கூடம்.

காகல் என்னும் ஊரில் 1874ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யஷ்வந்த்ராவ். பத்தாம் வயதில் கோலாப்பூர் அரச குடும்பம் இவரைத் தத்தெடுத்தது. ராஜ்கோட்டிலும் தார்வாடிலும் கல்வி பயின்று, இருபது வயது நிறையும் முன்னரே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

அரசு அலுவலகங்களை நோக்கிய இளம் அரசருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பொது நிருவாகத்தின் 71 பதவிகளுள் 60 பதவிகள் ஒரே சமூகத்தாரிடம் இருந்தன. கல்வி அவர்களிடம் இருந்தது. ஆதலால் பதவியும் அவர்களிடம் சென்றது. உழவர் வீட்டுப் பிள்ளை நகரத்திற்கு வந்து படிக்க விரும்பினால் தங்க இடமில்லை, உணவிட ஆளில்லை. எல்லாச் சாதியினரும் சேர்ந்து தங்குவதற்காக 1896இல் ஒரு விடுதியைத் தொடங்கினார். அம்முயற்சி அவர் எண்ணியவாறு பயன் தரவில்லை. எனவே 1901 முதல் மராத்தியர், சமணர், முஸ்லிம்கள், லிங்காயத்தர், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டோர் ஆகியோருக்குத் தனித்தனி விடுதிகள் எழுந்தன.

சமூகத்திற்கு ஒரு விடுதி என்றால் பிரிவினை வளராதா என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய வினாதான். ஆயினும், இரவில் தலை சாய்க்க இடமில்லாத பிள்ளைக்கு வகுப்பறைச் சமத்துவம் எட்டாக்கனியே. முதலில் பிள்ளை ஊருக்குள் வந்து சேர வேண்டும். அருகருகே அமர்வது அதற்குப் பின்னர்தான். அரசர் இவ்வரிசையைச் சரியாகவே கண்டார் என்பது என் கருத்து. பல மொழி பேசும் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் நம் பள்ளியிலும், தொலைவிலிருந்து வரும் ஒரு மாணவருக்குப் பேருந்து கிடைக்காவிட்டால் மற்ற ஏற்பாடுகளால் பயன் என்ன?

1902இல் அரசுப் பணியிடங்களில் பாதியைப் பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கி ஆணையிட்டார். படித்தால் வேலை உண்டு என்னும் நம்பிக்கை பெற்றோரிடம் பிறந்தது. 1917இல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாகவும் கட்டணமின்றியும் ஆக்கினார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டம் செலுத்த நேர்ந்தது.

எஞ்சியிருந்தது வகுப்பறைச் சுவர். அக்காலத்தில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. 1919இல் அவற்றை மூடிவிட்டு, அப்பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் வேறுபாடின்றிச் சேர்க்க ஆணை பிறப்பித்தார். விடுதிகளைத் தனித்தனியே அமைத்த அதே அரசர்தாம் பள்ளியை ஒன்றாக்கினார் என்பதைக் கவனியுங்கள்.

ஆணை ஏட்டில் இருந்தால் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். அரண்மனைக் குதிரை லாயத்தில் பணியாற்றிய கங்காராம் காம்பளே, பிறர் பயன்படுத்திய தொட்டியில் நீர் அருந்தியமைக்காக அடிக்கப்பட்டார். அரசர் அவருக்குப் பொருளுதவி செய்து தேநீர்க் கடை வைக்கச் செய்தார். கடைக்கு வர மக்கள் தயங்கினர். அரசரோ தம் வண்டியை அக்கடை முன் நிறுத்தி, ஊரார் காண அங்கே தேநீர் பருகினார். உடன் வந்தோரையும் பருகச் செய்தார். மன்னர் பருகிய தேநீரை மறுக்க எவரால் இயலும்?

1920இல் மாண்காவ் மாநாட்டில் அம்பேத்கரோடு ஒரே மேடையில் அமர்ந்தார். 1922ஆம் ஆண்டு மே 6 அன்று மும்பையில் இயற்கை எய்தியபோது அவருக்கு வயது 47. அவர் எழுப்பிய விடுதிகளுள் சில கோலாப்பூரில் இன்றும் மாணவர்களுக்கு இடமளித்து வருகின்றன.