நிலுவை கேட்ட நிதியறிஞர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்

மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் வெயிலில் வாரிக் குவித்த உப்பை ஒருவர் எடுத்துச் சென்று, விலையைப் பின்னர்த் தருவதாகச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர்தம் வீட்டு அடுப்பு எரியுமா? இரண்டாம் உலகப்போரின்போது இந்தியா முழுமைக்கும் நேர்ந்த நிலை இதுவே. அந்த நிலுவையைக் கேட்கச் சென்றோருள் ஒருவர், கோவை தந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

1892இல் பிறந்த இவர் மத்திய சட்டமன்றத் தலைவராகவும் கொச்சித் திவானாகவும் விளங்கினார். போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய பொருள்களுக்கு இலண்டனில் பவுண்டாக வரவு வைத்தது. அதனை ஈடாகக் கொண்டு ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. பணம் பெருகிற்று, பொருள் அருகிற்று, விலைவாசி ஏறி ஏழையரை வாட்டிற்று. ரூபாயின் மாற்று மதிப்போ 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற அளவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

1944இல் 44 நாடுகள் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில், நிலுவையின் ஒரு பகுதியையேனும் பிற நாணயங்களாக மாற்ற வழி வேண்டுமென இந்தியக் குழு வாதிட்டது. அக்குழுவில் செட்டியாரும் இருந்தார். கோரிக்கை ஏற்கப்படவில்லை, அவர் முயற்சியும் ஓயவில்லை. விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சராக 1947 நவம்பர் 26இல் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்த அவர், 1948இல் இலண்டன் சென்று நிலுவை குறித்து உடன்படிக்கை கண்டார். அவ்வாண்டே பதவி துறந்தார்.

சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரை கண்ட இத்தமிழறிஞர் 1953இல் மறைந்தார். தன் உழைப்பின் பயனைத் தன் தேவைக்கேற்ப எடுத்தாளும் உரிமையும் நாட்டு விடுதலையின் ஒரு கூறே என்பதை அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.