நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு கமரா

தரம் பதினொன்று வரை வரலாறு படித்த எவருக்கும் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் நினைவிருக்கும். 1833ஆம் ஆண்டு, இராஜகாரிய முறை ஒழிப்பு, சட்டநிரூபண சபை, ஐந்து மாகாணங்கள் என்று நாங்களும் மனனம் செய்துதான் பரீட்சை எழுதினோம். அந்தக் கமரன் யார், அவருக்கு மனைவி மக்கள் இருந்தார்களா என்று நான் அன்று யோசித்ததே இல்லை. என் வாப்பா கடை வைத்திருக்கும் பொகவந்தலாவையிலேயே, சென் மேரிஸ் தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.

அவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் அவருடைய மனைவி ஜூலியா மார்கிரட் கமரன். எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஆனால் புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுகிற எவரும் அவரை விட்டுவிட்டு எழுதுவதில்லை. கமராவுக்கும் கமரனுக்கும் நல்ல பொருத்தம் என்று என் வகுப்புத் தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

வாசிக்க வைத்தது என்னுடைய ஒரு படம். சென்ற வருடம் எங்கள் கல்லூரிப் புகைப்படக் கழகம் ஒரு சிறு கண்காட்சி வைத்தது. எங்களில் ஒருவரிடமும் பெரிய கமரா இல்லை. கையிலுள்ள தொலைபேசியால் எடுத்து, ஒருவருக்கொருவர் காட்டி, வெளிச்சம் போதாது, கையை ஆட்டாதே, கொஞ்சம் கிட்டப் போ என்று சொல்லிக்கொடுத்தே பழகுகிறோம். விடுமுறையில் வாப்பாவின் கடை வாசலில் எடுத்த படம் ஒன்றை நான் கொடுத்தேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஓர் அம்மா, நனைந்த படங்கைத் தோளில் போட்டபடி, மாவுக்கும் சீனிக்கும் காசு எண்ணிக்கொண்டிருக்கிறார். படத்துக்கு உழைப்பு என்று தலைப்பிட்டேன். பலர் பாராட்டினார்கள். முகம் மங்கலாக இருக்கிறது என்று சிலர் குறை சொன்னார்கள். தரம் ஏழு படிக்கும் ஒரு தங்கச்சி மட்டும் இது யார் என்று கேட்டாள். எங்கள் கடைக்கு வருகிற ஓர் அம்மா என்றேன். பெயரைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மங்கலான முகங்களை எடுத்தே உலகப் புகழ் பெற்ற ஒரு பெண் என் ஊரிலேயே அடங்கியிருக்கிறார் என்று எங்கள் ஆசிரியை அன்று சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணின் கதை எனக்கு ஆறுதலும் தந்தது, வேறொன்றும் தந்தது.

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பெட்டில் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரி. தாய் பிரெஞ்சு வழி வந்தவர். பிள்ளைப் பருவத்தின் பெரும் பகுதியைப் பிரான்ஸில் கழித்து, அங்கேயே கல்வி கற்றார். 1836இல் உடல்நலம் தேற்றிக்கொள்ள ஆபிரிக்காவின் தென்முனையிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது, அவருடைய வாழ்க்கையை மாற்றப்போகும் இருவரை அங்கே சந்தித்தார். ஒருவர் சார்ள்ஸ் ஹே கமரன். இலங்கையின் நீதித்துறை பற்றி அறிக்கை எழுதிய அதே கமரன். ஜூலியாவை விட இருபது வயது மூத்தவர். 1838இல் கல்கத்தாவில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். மற்றவர் சேர் ஜோன் ஹேர்ஷல் என்ற வானியல் அறிஞர். தென்வானத்து நட்சத்திரங்களை ஆராய அங்கே வந்திருந்தார்.

இந்த ஹேர்ஷல் நட்சத்திரங்களை மட்டும் பார்த்தவர் அல்லர். ஒளிபட்டுப் பதிந்த படம் மீண்டும் வெளிச்சத்தில் கறுத்துப் போகாமல் நிலைநிறுத்தும் இரசாயனத்தைப் புகைப்படக் கலைக்குத் தந்தவர். புகைப்படம் என்ற ஒன்றே புதிதாக இருந்த நாட்களில், 1840களின் தொடக்கத்தில், கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்குச் சில படங்களை அனுப்பிவைத்தார். அப்போது ஜூலியாவுக்கு வயது முப்பதைத் தொடவில்லை. அந்தப் படங்களைப் பார்த்து வியந்தார். ஆனால் சொந்தமாக ஒரு கமராவைத் தொட அவருக்கு இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் சென்றது.

அந்த இருபது வருடங்கள் எப்படிப் போயின என்பதை எங்கள் உம்மாமாரிடம் கேட்டாலே சொல்வார்கள். ஆறு பிள்ளைகளைப் பெற்றார். உறவினரின் பிள்ளைகள் சிலரையும் தன் பிள்ளைகளாக வளர்த்தார். 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 1860இல் வைட் தீவில் ஃபிரெஷ்வோட்டர் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டெனிசன். கமரன் குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. எங்கள் மலையகத்துத் திம்புள்ளையின் பெயரையே அந்த வீட்டுக்கு டிம்போலா என்று வைத்தார்கள்.

1863 டிசம்பரில், கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்த நாட்களில், மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். தனிமையில் பொழுது போகட்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. இதை நான் வீட்டில் வாசித்துக் காட்டியபோது, உம்மா சமையலை நிறுத்திவிட்டு அந்த வயதை இன்னொரு முறை கேட்டார்.

அந்தக் காலத்துக் கமரா எங்கள் தொலைபேசி போன்றதல்ல. மரப்பெட்டி, பித்தளை பூட்டிய வில்லை, முக்காலி என்று தூக்கவே ஆள் வேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்ற பசையை ஊற்றிச் சீராகப் பரப்ப வேண்டும். அதை இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். தூசு பட்டால் படம் போயிற்று. விரல் பட்டால் படம் போயிற்று. அதன் பிறகும் முட்டை வெண்கரு பூசிய தாளில் வெயிலில் வைத்துத்தான் பிரதி எடுக்க முடியும்.

ஜூலியா கோழிக்கூட்டைக் காலி செய்து கண்ணாடி பதித்துப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். நிலக்கரி போட்டு வைத்த அறை இருட்டறையானது. கைகளும் உடுப்பும் இரசாயனம் பட்டுக் கறுத்தன. 1864 ஜனவரியில், ஆனி பில்பொட் என்ற சிறுமியை எடுத்த படம் அவருக்குத் திருப்தியாக அமைந்தது. அதைத் தன் முதல் வெற்றி என்று அவரே படத்தில் குறித்துவைத்தார். கமரா கைக்கு வந்து ஏறத்தாழ ஒரு மாதமே ஆகியிருந்தது.

அவர் தனியாகக் கற்றுக்கொண்டவர் என்று பலர் எழுதுவார்கள். நான் வாசித்த அளவில், அவர் கேட்டுக் கேட்டே கற்றவர். டேவிட் வில்கி வின்ஃபீல்ட் என்ற ஓவியர், தொழிலாக அன்றி ஆசைக்குப் படம் எடுத்தவர். முகத்தைக் கிட்ட வைத்து மென்மையாக எடுக்கும் அவருடைய முறையிலிருந்து ஜூலியா பாடம் பெற்றார். அந்தக் கடனை ஒப்புக்கொண்டும் இருக்கிறார். எடுத்த படங்களை அல்பங்களாகக் கட்டி நண்பர்களுக்குக் கொடுத்தார். அவற்றில் சிறந்த ஒன்று ஹேர்ஷலுக்குப் போனது. இருவருக்கும் இடையே கடிதங்கள் ஓடின. ஜூலியா பொற்றாசியம் சயனைட்டைக் கையில் வழியவிட்டுப் பயன்படுத்துவதை அறிந்து ஹேர்ஷல் பதறினார். அது கொடிய நஞ்சு, கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். பின்னர் ஜூலியாவின் கண்ணாடித் தகடுகள் சிலவற்றில் வெடிப்பு விழத் தொடங்கியது. 1869இல் அவர் லண்டன் புகைப்படச் சங்கத்துக்கே சென்று, என்ன காரணம் என்று உறுப்பினர்களிடம் ஆலோசனை கேட்டார்.

இதே சங்கத்தில் அவர் 1864இலிருந்து உறுப்பினர். அவருடைய படங்களைக் கடுமையாகக் குறை சொன்னவர்களும் புகைப்படத் துறையைச் சேர்ந்தவர்கள்தாம். முகம் தெளிவில்லை, தகட்டில் கீறல் இருக்கிறது, விரல் அடையாளம் இருக்கிறது என்றார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் முகத்தின் தெளிவு எவ்வளவு போதும் என்பதை ஜூலியா தன் கண்ணால் பார்த்தே தீர்மானித்தார். படம் அழகாகத் தெரிந்த இடத்தில் வில்லையைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டார். இரசாயனத்தில் யார் சொன்னாலும் கேட்டவர், இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1865இல் லண்டன் தென் கென்சிங்டன் நூதனசாலை அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் படம் எடுக்க அங்கேயே இரண்டு அறைகளையும் கொடுத்தது.

பேரறிஞர்கள் அவருடைய கமராவின் முன் அமர்ந்தார்கள். டெனிசன், கார்லைல், டார்வின் ஆகியோரின் முகங்களை இன்று நாம் அறிவதில் அவருக்குப் பங்குண்டு. 1867இல் வயோதிபராகிவிட்ட ஹேர்ஷலையும் எடுத்தார். இருட்டிலிருந்து எழும் அந்த முகத்தையும் கலைந்த நரைமுடியையும் பார்த்தால், முப்பது வருடத்து மரியாதையோடு எடுத்த படம் என்று தெரியும். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரையும் பல தடவைகள் எடுத்தார். பெரும்பாலும் மரியம் நாயகியின் வேடம். ஆனாலும் அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை தெரிகிறது.

1875இல் கமரன் தம்பதியினர் இலங்கைக்கு வந்தார்கள். பிள்ளைகளில் சிலர் இங்கிருந்தார்கள். இங்கிலாந்தில் செலவு தாங்கவில்லை. 1869இல் தொடங்கிய கோப்பி இலைநோய் தோட்டங்களின் வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. களுத்துறையிலும் மலைநாட்டிலும் மாறிமாறி வாழ்ந்தார்கள். 1877இல் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறை வீட்டுக்கு வந்தபோது ஜூலியா அவரையும் விடாமல் படம் எடுத்தார். இரசாயனமும் நல்ல தண்ணீரும் கிடைப்பது சிரமமாக இருந்ததென்பர். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவருடைய இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவில் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். வயது அறுபத்து மூன்று. அடுத்த வருடம் கணவரும் காலமானார்.

எஞ்சிய அந்தச் சில படங்களை நான் புத்தகத்திலும் கணினியிலும் தேடிப் பார்த்தேன். தோட்டத்தில் வேலை செய்தவர்கள், களுத்துறைக் கிராமத்தவர்கள், ஓர் இளம் பெண், ஒரு குடும்பம். டார்வினுக்குக் கொடுத்த அதே கவனத்தோடுதான் இவர்களையும் எடுத்திருக்கிறார். முகங்கள் நேராக எங்களைப் பார்க்கின்றன. கீழே இருப்பதோ பெண், கிராமத்தவர், சிலோன் என்ற சொற்கள்தாம். பெயர் இல்லை. அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று எங்கள் கடைக்கே வரக்கூடும். அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவரைக் குறை சொல்ல நினைத்தேன். அப்போதுதான் நான் வைத்த தலைப்பு நினைவுக்கு வந்தது. நூற்று நாற்பது வருடங்களுக்குப் பிறகு நானும் அதையேதான் செய்திருந்தேன். மங்கல் என்று சொன்னவர்கள் படத்தின் சிறிய குறையைத்தான் கண்டார்கள். பெரிய குறையை அந்தத் தரம் ஏழு தங்கச்சி கண்டாள்.

அடுத்த விடுமுறையில் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு கடையில் காத்திருந்தேன். அந்த அம்மா வந்தார். படத்தைக் கொடுத்துப் பெயரைக் கேட்டேன். கேளாமல் எடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. படங்கும் சாக்குமாக இருக்கும்போதா எடுப்பது என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை உடுத்திக்கொண்டு மகளோடு வருவதாகச் சொன்னார். சொன்னபடியே வந்தார். வாப்பா கடை வாசலில் கதிரை போட்டுக் கொடுத்தார். நான் கையை ஆட்டாமல் எடுத்தேன்.

இரண்டு படங்களின் பின்புறமும் அவருடைய பெயரையும் திகதியையும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வருடக் கண்காட்சிக்கு இரண்டாவது படத்தைத்தான் கொடுக்கிறேன். அவருடைய பெயரோடு வைக்க அனுமதி தந்துவிட்டார். சஞ்சிகையில் போடுவது பற்றி நான் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. கண்காட்சிக்கு வருபவர்கள் படத்தின் கீழே வாசித்துக்கொள்ளலாம்.