பாம்பன் குமரகுருதாச சுவாமிகள்

பாம்பன் சுவாமிகள் என்று பரவலாக அறியப்படும் குமரகுருதாச சுவாமிகள் (இறப்பு: மே 30, 1929) முருகன் மீது 6,666 பாடல்களைப் பாடிய துறவியும் தமிழ்ப் புலவரும் ஆவார். எழுத்துகளுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டு பாடும் சித்திரகவி மரபில் இவரது பாடல்கள் குறிப்பிடத்தக்கவை.

வாழ்க்கை

இராமேசுவரத்தில் பிறந்த இவரது இயற்பெயர் அப்பாவு. அருணகிரிநாதரைத் தம் ஞானகுருவாகக் கொண்டார். இளம் வயதிலேயே பாடல்கள் இயற்றத் தொடங்கினார். 1894-இல் பிரப்பன்வலசையில் 35 நாட்கள் தவம் மேற்கொண்டார். அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்தார்.

சண்முக கவசம்

1891-இல் இயற்றப்பட்ட சண்முக கவசம் 30 பாடல்களைக் கொண்டது. 12 உயிரெழுத்துகளும் 18 மெய்களும் நெடுங்கணக்கு வரிசையில் ஒவ்வொரு பாடலாக அமைந்துள்ளன. ண, ழ, ள, ற, ன ஆகியவை தமிழில் சொல்லுக்கு முதலாக வருவதில்லை. எனவே இவற்றுக்கு முன்னே இகரம் சேர்த்துப் பாடலைத் தொடங்கினார். ங என்னும் எழுத்துக்கு அதன் பெயரையே முதற்சொல்லாக்கினார். உடலுறுப்புகளைக் காக்குமாறு வேண்டும் இந்நூலை விடுபடாமல் ஓதுவது முக்கியமாகக் கருதப்படுகிறது. எழுத்து வரிசை மனப்பாடத்தை எளிதாக்குவதோடு, ஒரு பாடல் விடுபட்டாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பிற கட்டுப்பாட்டுப் பாடல்கள்

சஸ்திர பந்தம் வேல் வடிவக் கட்டங்களுக்குள் அடங்கும் ஒரு வெண்பா ஆகும். கோடுகள் சந்திக்கும் இடத்திலுள்ள எழுத்து வெவ்வேறு சொற்களுக்குப் பொதுவாகும். இதனால் வாசிக்கும் எழுத்துகளைவிட எழுதப்படும் எழுத்துகள் குறைவு. மயில், தாமரை முதலிய வடிவங்களிலும் இவர் பந்தங்கள் பாடியுள்ளார்.

சேந்தன் செந்தமிழ் வடசொல் கலவாத 50 வெண்பாக்களால் ஆனது. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் கொள்கையாக ஏற்றதை, இந்நூல் செய்யுள் நெறியாகக் கையாண்டது.

இறுதிக் காலம்

1923 டிசம்பர் 27 அன்று சென்னை தம்புச்செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி இவரது இடது கால் முறிந்தது. பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதிய வயதில் எலும்பு கூடுமா என்ற ஐயம் இருந்த நிலையில், அடியார்கள் சண்முக கவசத்தை இடைவிடாது ஓதினர். கால் குணமடைந்தது. மருத்துவமனையில் இவர் கண்டதாகக் கூறப்படும் மயில் காட்சியை நினைவுகூர்ந்து மயூரவாகன சேவன விழா ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது.

1929-இல் மறைந்த இவரது சமாதி தென்சென்னையில் திருவான்மியூரில் உள்ளது. சண்முக கவசம் இன்றும் அடியார்களால் அதே எழுத்து வரிசையில் ஓதப்பட்டு வருகிறது.